கூடுதல் வாரண்டி வாங்கலாமா, வேண்டாமா?

புதுக் கம்ப்யூட்டருக்கு விலை பேசி முடித்து, பில் போடும் நேரத்தில் விற்பனையாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "சார், இதுக்கு ஒரு வருஷம்தான் வாரண்டி. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டென்டட் வாரண்டி போட்டுடலாமா? ஒரு நாளைக்கு எட்டு ரூபாய்கூட ஆகாது."

திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் சிலர் என்னைத் துணைக்கு அழைத்துப் போவது உண்டு. எந்த புராசசர், எவ்வளவு ரேம், எத்தனை ஜி.பி. என்றெல்லாம் விசாரித்துத் தயாராக வருபவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் தயாராக வருவதில்லை. சிலர் பயந்து "போட்டுடுங்க" என்கிறார்கள். சிலர் "அதெல்லாம் ஏமாத்து வேலை" என்று மறுத்துவிடுகிறார்கள். இரண்டு பேருமே கணக்குப் பார்த்து முடிவு செய்வதில்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வாரண்டி என்பது என்ன?

பொருளைத் தயாரித்த விதத்திலோ, அதில் பயன்படுத்திய பாகத்திலோ குறை இருந்து, அதனால் பழுது ஏற்பட்டால், குறிப்பிட்ட காலம் வரை இலவசமாகச் சரி செய்து தருவோம் என்ற உறுதிமொழிதான் வாரண்டி. நிறுவனம் விலையோடு சேர்த்தே இதைத் தருகிறது. அந்தக் காலம் முடிந்த பிறகும் அதே பாதுகாப்பு தொடர வேண்டும் என்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதுவே எக்ஸ்டென்டட் வாரண்டி, அதாவது கூடுதல் வாரண்டி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூடுதல் வாரண்டி பெரும்பாலும் காலத்தை மட்டுமே நீட்டிக்கிறது. முதல் ஆண்டில் எந்தப் பழுதுக்கு வாரண்டி பொருந்தாதோ, அந்தப் பழுதுக்கு மூன்றாம் ஆண்டிலும் பொருந்தாது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வாரண்டி

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பாகங்களுக்கு ஏற்கெனவே எத்தனை ஆண்டு வாரண்டி இருக்கிறது என்பதைத்தான். பெட்டியுடன் வரும் இன்டெல், ஏ.எம்.டி. புராசசர்களுக்கு 3 ஆண்டு. மதர்போர்டுக்கும் மானிட்டருக்கும் பெயர் பெற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் 3 ஆண்டு தருகின்றன. பல நிறுவனங்களின் ரேமுக்கு ஆயுட்கால வாரண்டி உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ வகைக்கு 2 ஆண்டு, பிளாக் வகைக்கு 5 ஆண்டு. எஸ்.எஸ்.டி.க்குப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு.

எஸ்.எஸ்.டி.யில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. எடுத்துக்காட்டாக, சாம்சங் 870 ஈவோ 1 டி.பி.க்கு 5 ஆண்டு அல்லது மொத்தம் 600 டி.பி. அளவுக்குத் தகவல் எழுதும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் வாரண்டி. சாதாரண வீட்டு உபயோகத்தில் 5 ஆண்டுக்குள் 600 டி.பி. எழுதுவது கடினம். ஆகவே இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இப்படி முக்கியப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் 2 முதல் 5 ஆண்டு வாரண்டி இருக்கும்போது, அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்புக்கு மேலும் பணம் கட்டிக் கூடுதல் வாரண்டி வாங்குவது கையில் இருக்கும் பொருளையே மீண்டும் விலைக்கு வாங்குவது போலத்தான். ஒரு எச்சரிக்கை: 'ட்ரே' எனப்படும் பெட்டியில்லாத புராசசருக்கு நிறுவனம் உங்களிடம் நேரடியாகப் பொறுப்பு ஏற்காது, கடைக்காரர்தான் பொறுப்பு. எனவே பெட்டியுடன் கேட்டு வாங்குங்கள்.

பிராண்டட் லேப்டாப், பிராண்டட் டெஸ்க்டாப் கதை வேறு. இவற்றில் பலவற்றுக்கு 1 ஆண்டு வாரண்டிதான். உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யைத் தனியாகக் கடையில் வாங்கினால் 5 ஆண்டு கிடைத்திருக்கும். லேப்டாப்போடு வந்ததால் அதற்கும் 1 ஆண்டுதான். எனவே கூடுதல் வாரண்டி என்ற கேள்வி உண்மையில் எழுவது இவர்களுக்குத்தான்.

எதற்கெல்லாம் பொருந்தாது?

வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். நான் பார்த்த அட்டைகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். கீழே விழுந்து உடைதல், தண்ணீர் அல்லது காபி சிந்துதல், மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், எலி மற்றும் பூச்சியால் வரும் சேதம், வைரஸ், வெளி ஆட்கள் திறந்து பழுது பார்த்தல் ஆகிய எதற்கும் வாரண்டி கிடையாது. லேப்டாப் பேட்டரிக்குப் பெரும்பாலும் 1 ஆண்டு மட்டுமே. லேப்டாப்புக்கு 3 ஆண்டு வாரண்டி வாங்கினாலும் பேட்டரியின் காலம் தானாக நீளாது.

இந்தப் பட்டியலை நம் ஊர் நிலவரத்தோடு பொருத்திப் பாருங்கள். திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசிக் கோடை மழையும், ஐப்பசி, கார்த்திகை மழையும் இடி மின்னலோடுதான் வருகின்றன. மின்னல் தாக்கம் மின் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. செம்புக் கம்பியில் வரும் டெலிபோன், கேபிள், நெட்வொர்க் இணைப்பு வழியாகவும் வந்து மதர்போர்டில் உள்ள லேன் போர்ட்டைக் கருக்கிவிடும். 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் போய்ப் போய் வரும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் அடிபடுவது உண்டு. இவற்றில் எதையும் கூடுதல் வாரண்டி காப்பாற்றாது.

இதற்குக் காப்பு வேறு. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். வையுங்கள். லேப்டாப் சார்ஜரை நல்ல ஸ்பைக் கார்டில் செருகுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே கிடையாது.

இன்னொன்றும் முக்கியம். எந்த வாரண்டியும் உங்கள் தகவல்களுக்குப் பொறுப்பேற்காது. ஹார்ட் டிஸ்க் பழுதானால் வேறு டிஸ்க் தருவார்கள். அதில் இருந்த கல்யாணப் போட்டோக்களும் கடைக் கணக்கும் திரும்ப வராது. அதற்கு வழி, வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைக்கும் பேக்கப் மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். லேப்டாப் விலை ரூ. 45,000. இரண்டு ஆண்டு கூடுதல் வாரண்டிக்கு ரூ. 5,400 கேட்கிறார்கள். முதலில், இதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அடங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாரண்டி இல்லாமல் மதர்போர்டோ டிஸ்பிளேயோ மாற்ற வேண்டி வந்தால் சுமார் ரூ. 15,000 ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள்.

இதே லேப்டாப்பை 100 பேர் வாங்கி, 100 பேரும் இந்த வாரண்டியை வாங்கினால் மொத்தம் ரூ. 5,40,000 சேரும். அதை 15,000ஆல் வகுத்தால் 36 வருகிறது. அதாவது, அந்த இரண்டு ஆண்டில் 100 லேப்டாப்பில் 36க்கு இப்படிப்பட்ட பெரிய பழுது வந்தால்தான் கட்டிய பணமும் செலவும் சமமாகும். அந்தப் பழுதும் கீழே விழுந்ததாலோ மின்னலாலோ வந்ததாக இருக்கக்கூடாது. தயாரிப்புக் குறையால் வந்ததாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கு மேல் இப்படிப் பழுதாகும் லேப்டாப் என்றால், அதை வாங்காமல் இருப்பதே நல்லது அல்லவா?

உங்கள் கடையில் சொல்லும் தொகையை வைத்து நீங்களே இந்தக் கணக்கைப் போடலாம். வாரண்டி விலையைப் பழுதுச் செலவால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். விடை 10க்கும் கீழே வந்தால் யோசிக்கலாம். 30க்கு மேல் போனால் விலை அதிகம் என்று பொருள். இது நான் பின்பற்றும் அளவு, சட்டம் அல்ல.

சராசரியில் பார்த்தால் இந்த வாரண்டி விற்பவருக்கே லாபம். லாபம் இல்லாவிட்டால் விற்கமாட்டார்கள். கடைக்காரரின் கமிஷனும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. இன்சூரன்ஸைப் போலவே, நம்மால் தாங்க முடியாத நஷ்டத்துக்கு மட்டும் பணம் கட்டுவது புத்திசாலித்தனம். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் போன்றவற்றுக்கு வாரண்டி கேட்டால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

எந்த ஆண்டில் பழுது வரும்?

எலக்ட்ரானிக் பொருட்களின் பழுதைப் படமாக வரைந்தால் குளியல் தொட்டியின் வடிவம் வரும் என்பார்கள். தொடக்கத்தில் உயரம், நடுவில் தாழ்வு, கடைசியில் மறுபடி உயரம். குறையோடு வெளிவந்த பொருள் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தன் குறையைக் காட்டிவிடும். நன்றாகத் தயாரானது பல ஆண்டு உழைத்து, தேய்ந்து பழுதாகும்.

ஆன்லைன் பேக்கப் சேவை தரும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ், தான் இயக்கும் ஆயிரக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளின் கணக்கை 2013ல் வெளியிட்டது. முதல் ஒன்றரை ஆண்டில், ஆண்டுக்கு 5.1 சதவீதம் பழுது. அடுத்த ஒன்றரை ஆண்டில் 1.4 சதவீதம் மட்டுமே. மூன்று ஆண்டுக்குப் பிறகு 11.8 சதவீதம். 2021ல் அதே நிறுவனம் மறுபடி கணக்கெடுத்தபோது, தொடக்க காலப் பழுதும் முன்பைவிடக் குறைந்திருந்தது. இவை இரவு பகலாக ஓடும் டிஸ்க்குகள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதே எண்கள் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் போக்கு புரிகிறது. முதல் ஆண்டுப் பழுதை இலவச வாரண்டி பார்த்துக்கொள்கிறது. கூடுதல் வாரண்டி பெரும்பாலும் அமைதியான நடுப்பகுதிக்கு விற்கப்படுகிறது.

வாரண்டி காலம் நிறுவனங்களின் கணக்குப்படி கூடும், குறையும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2011ல் தாய்லாந்தில் பெரு வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் உற்பத்தி பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டுமே பல டிஸ்க்குகளின் வாரண்டி காலத்தைக் குறைத்தன. மாறாக, 2024 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம், பிரச்சினைக்கு உள்ளான 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்களுக்கு 3 ஆண்டாக இருந்த வாரண்டியை 5 ஆண்டாக உயர்த்தியது. அதற்காக யாரும் தனியாகப் பணம் கட்டவில்லை. எனவே உங்கள் மாடலுக்குப் பொதுவான குறை எதுவும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்தின் வெப்சைட்டில் அவ்வப்போது பாருங்கள்.

வாரண்டி தருபவர் யார்?

கூடுதல் வாரண்டி மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கம்ப்யூட்டரைத் தயாரித்த நிறுவனம், வாரண்டி மட்டுமே விற்கும் வேறு நிறுவனம், கடைக்காரர். இவற்றில் தயாரிப்பு நிறுவனம் தருவதையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அசல் பாகங்களும் சர்வீஸ் சென்டர்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

வேறு நிறுவனத்தின் திட்டம் என்றால் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டு ஆண்டு என்பது முதல் ஆண்டையும் சேர்த்தா, அது முடிந்த பிறகா? பழுதுச் செலவு முழுவதும் தருவார்களா, தேய்மானம் கழிப்பார்களா? எத்தனை முறை பயன்படுத்தலாம்? சரி செய்ய முடியாவிட்டால் என்ன தருவார்கள்? "எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பது பதில் ஆகாது.

பெரிய பெயர்களும் தொழிலை விடுவது உண்டு. 2013ல் விப்ரோ தன் பெயரில் கம்ப்யூட்டர் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2014ல் சோனி தன் வயோ கம்ப்யூட்டர் பிரிவை விற்றது. வாரண்டி என்பது வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதி. ஆகவே ஆண்டுகள் கூடக் கூட, வாக்குறுதி தருபவர் யார் என்பதும் அதே அளவுக்கு முக்கியமாகிறது.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்?

பெருநகரத்துக்காரர்கள் அதிகம் யோசிக்காத, நாம் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. வாரண்டியில் 'கேரி-இன்', 'ஆன்-சைட்' என்று இரண்டு வகை உண்டு. கேரி-இன் என்றால் நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பப் போய் வாங்கி வர வேண்டும். ஆன்-சைட் என்றால் அவர்களுடைய ஆள் உங்கள் வீட்டுக்கே வருவார்.

உங்கள் பிராண்டின் சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லிலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. மதுரையில்தான் என்றால் போக மட்டும் சுமார் 65 கிலோமீட்டர். திருச்சி என்றால் சுமார் 100 கிலோமீட்டர். வேடசந்தூரிலோ வத்தலக்குண்டிலோ இருப்பவர் தூரத்தை அங்கிருந்து கணக்கிட வேண்டும். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்று இரண்டு நாள் வேலையும் பஸ் செலவும் போகும். இலவச சர்வீஸ் முழுவதும் இலவசம் ஆவதில்லை.

எனவே வாங்கும் முன்பே நிறுவனத்தின் கால் சென்டருக்குப் போன் செய்து உங்கள் பின்கோடைச் சொல்லுங்கள். 624 001க்கு ஆன்-சைட் உண்டு என்பதால் கிராமத்துப் பின்கோடுக்கும் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். சில நிறுவனங்களில் வாரண்டி காலத்தை நீட்டிக்காமல், கேரி-இன்னை ஆன்-சைட்டாக மாற்றிக்கொள்ள மட்டும் பணம் கட்டலாம். நம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில நேரம் அதுவே அதிகப் பயன் தரும்.

கடையிலேயே முடிவு செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. "இப்ப விட்டா அப்புறம் கிடைக்காது சார்" என்று சொன்னால் பதற வேண்டாம். டெல், எச்.பி., லெனோவா போன்ற நிறுவனங்களிடம், முதல் வாரண்டி முடிவதற்குள் கூடுதல் வாரண்டியைப் பிறகும் வாங்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் உண்டு. விபத்துச் சேதத்துக்கான திட்டத்துக்கு மட்டும் கெடு குறுகியதாக இருக்கலாம். உங்கள் மாடலுக்கு எது எதுவரை கிடைக்கும் என்று நிறுவனத்திடமே கேளுங்கள். பிறகு பத்து மாதம் பயன்படுத்திப் பாருங்கள். அதற்குள் இரண்டு முறை சர்வீஸுக்குப் போயிருந்தால் நீட்டிப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லை என்றால் பணம் மிச்சம். காலண்டரில் பத்தாவது மாதத்தில் ஒரு வட்டம் போட்டு வைத்தால் போதும்.

பிரிட்டனில் 2005 ஏப்ரல் முதல் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. வீட்டு மின்சாதனங்களின் விலைக்குப் பக்கத்திலேயே கூடுதல் வாரண்டி விலையையும் எழுதி வைக்க வேண்டும்; வாங்கியவர் 45 நாளுக்குள் வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். கவுன்டரில் நின்றபடி அவசரமாக எடுக்கும் முடிவு வாடிக்கையாளருக்கு நல்லதல்ல என்பதே இதன் அடிப்படை. விதி அங்கேதான் என்றாலும் அந்த நிதானம் நமக்கும் உதவும்.

யாருக்குத் தேவை?

வீட்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: தேவையில்லை. அந்தப் பணத்தை யு.பி.எஸ்.ஸுக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இருக்கும் லேப்டாப்: இப்போது வேண்டாம். பத்தாவது மாதம் முடிவு செய்யுங்கள்.

கல்லூரி மாணவரின் லேப்டாப்: தினமும் பஸ்ஸில் பையோடு போய் வரும் லேப்டாப்புக்கு ஆபத்து தயாரிப்புக் குறையைவிட, கீழே விழுவதால்தான் அதிகம். ஆகவே சாதாரணக் கூடுதல் வாரண்டியைவிட, விபத்துச் சேதத்துக்கான திட்டத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். கடன் வாங்கி லேப்டாப் எடுத்த குடும்பம் என்றால், இன்னொரு 15,000 ரூபாய் திடீரென்று புரட்ட முடியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். முடியாது என்றால் சராசரிக் கணக்கில் நஷ்டமாக இருந்தாலும் வாங்குவதில் தவறில்லை.

தொழிலுக்கான கம்ப்யூட்டர்: டி.டி.பி. சென்டர், ஜெராக்ஸ் கடை, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் பில் போடும் கம்ப்யூட்டர் என்றால், ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. இங்கே பாகத்தின் விலையோடு நின்று போகும் நாட்களின் இழப்பையும் கூட்டுங்கள். உங்கள் பின்கோடுக்கு ஆன்-சைட் உண்டு என்றால் நிறுவனத்தின் 3 ஆண்டு ஆன்-சைட் வாரண்டி வாங்கலாம். ஆனால் 'அடுத்த வேலை நாளில் ஆள் வருவார்' என்பதற்கு அடுத்த நாளே சரியாகிவிடும் என்று பொருளில்லை. பாகம் வர நாளாகலாம்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள்

எந்த வாரண்டியாக இருந்தாலும் பில் இல்லாமல் உரிமை கேட்பது கடினம். பில் இல்லாமல் வாங்கினால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று யாராவது சொன்னால், அதோடு வாரண்டியும் மிச்சமாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பில்லில் மாடல், சீரியல் நம்பர், தேதி மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். பளபளப்பான தெர்மல் பேப்பரில் அடித்த பில் சில மாதங்களில் வெளுத்துப்போகும். அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். சீரியல் நம்பரை நிறுவனத்தின் வெப்சைட்டில் கொடுத்தால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று காட்டும். வாங்கிய வாரத்திலேயே பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

இருக்கும் வாரண்டியையே மறுத்தால்? நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். அதிலும் தீராவிட்டால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பவர் திண்டுக்கல்லிலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தேதி போட்ட ஜாப் ஷீட் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

ஆகவே, அடுத்த முறை "எக்ஸ்டென்டட் வாரண்டி போட்டுடலாமா?" என்று கேட்டால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தப் பழுதுக்குப் பொருந்தும்? என் ஊருக்கு ஆள் வருவாரா? பிறகு வாங்க முடியுமா? பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு விடை 'வேண்டாம்' என்றுதான் வரும். 'வேண்டும்' என்று வந்தாலும், எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்தே கட்டுவீர்கள்.